ஆசியக் கோப்பைக்கு ஐம்பது ஓவர் வேண்டுமா, இருபது ஓவர் போதுமா?

சித்தூர்ப்புழை (கொழிஞ்சாம்பாறை) எழுதியது:

2027ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையை வங்கதேசத்தில் ஐம்பது ஓவர் ஆட்டங்களாக நடத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். 2025இல் அமீரகத்தில் நடந்த இருபது ஓவர் தொடரைப் பார்த்துச் சுவை கண்ட எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சமும் பிடிக்கவில்லை. ‘ஒரு நாள் முழுக்க யார் உட்கார்ந்து பார்ப்பது?’ என்று வாசகசாலைத் திண்ணையில் கேட்கிறார்கள். நான் ஐம்பது ஓவர் பக்கம். காரணத்தை இங்கே எழுதுகிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

ஆசிய கிரிக்கெட் அமைப்பு 1983இல் உருவாயிற்று. மறு ஆண்டே ஷார்ஜாவில் முதல் ஆசியக் கோப்பை நடந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்றே அணிகள். இறுதிப்போட்டி என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் அணியும் மற்ற இரண்டுடன் மோதியதில், இரண்டையும் வென்ற இந்தியா கோப்பையை எடுத்துக்கொண்டது. அன்று முதல் 2014 வரை எல்லாத் தொடர்களும் ஒருநாள் ஆட்டங்கள்தாம். 2016 முதல்தான், அடுத்து வரும் உலகக் கோப்பை எந்த வடிவமோ அந்த வடிவத்திலேயே இதையும் நடத்துவது என்ற வழக்கம் வந்தது. அதனால் 2018, 2023 தொடர்கள் ஐம்பது ஓவராகவும், 2016, 2022, 2025 தொடர்கள் இருபது ஓவராகவும் அமைந்தன. அக்கம்பக்கத்து நாடுகள் தமக்கென்று தொடங்கிய போட்டி இப்போது உலகக் கோப்பைக்கு ஒத்திகையாகிவிட்டது என்பது என் வருத்தம். ஆனால் இந்த இழையின் பொருள் அதுவன்று.

ஐம்பது ஓவர் வடிவம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அவ்வளவாகத் தேவையில்லை. அவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஆட்டங்கள் இருக்கின்றன. நேபாளத்தை எண்ணிப் பாருங்கள். 2023இல் முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குள் வந்த அந்த அணி, முல்தானில் பாகிஸ்தானிடம் 238 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. 342 எடுத்த பாகிஸ்தானுக்கு எதிராக 104இல் சுருண்டது. ஐந்தே நாள்களில் பல்லேகலையில் இந்தியாவை எதிர்கொண்டபோது, 48.2 ஓவர்கள் நின்று 230 எடுத்தது. ஆசிப் ஷேக் 58, சோம்பால் காமி 48. முதல் ஐந்து ஓவர்களுக்குள் இந்தியா மூன்று கேட்சுகளைத் தவறவிட்டது உண்மைதான். ஆயினும் கிடைத்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கும் மேலாக மட்டையைத் தாழ்த்தாமல் ஆடியது அந்த அணியின் சாமர்த்தியம். இருபது ஓவரில் இந்தப் பாடத்தைப் படிக்க நேரமே இருந்திருக்காது.

நகரி எழுதியது:

ஐயா சொல்வது ஏட்டளவில் சரி. நான் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைகளில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். புடவைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை நீளும் ஓர் ஆட்டத்தை நாங்கள் எப்படிப் பார்ப்பது? தறிச் சத்தத்தில் வர்ணனை தமிழா தெலுங்கா என்பதே காதில் விழாது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் இருபது ஓவர் ஆட்டத்தையோ கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்து முழுதாகப் பார்க்க முடிகிறது.

இன்னொன்றையும் கேட்கிறேன். ஐம்பது ஓவர் என்று பெருமையாகச் சொல்கிறோம். 2023 இறுதிப்போட்டி எத்தனை ஓவர் நடந்தது? கொழும்பில் இலங்கை 15.2 ஓவரில் 50 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட். மொத்தம் 21 ஓட்டங்களுக்கு 6. இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. இரு பக்கமும் சேர்த்து 129 பந்துகள். இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி மட்டும் ஆடும் பந்துகளே 120. அதே தொடரில் இந்தியா பாகிஸ்தானை 228 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. நேபாளம் கற்றுக்கொண்டது சரி, பார்ப்பவன் என்ன பாவம் செய்தான்?

தேவிகுளம் எழுதியது:

நகரித் தம்பி சொன்ன இறுதிப்போட்டியை நானும் பார்த்தேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோனது. ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்பு, அதே மைதானத்தில், அதே இரண்டு அணிகள் மோதிய ஆட்டத்தை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

செப்டம்பர் 12. இந்தியா முதலில் ஆடி 213இல் ஆட்டமிழந்தது. பத்து விக்கெட்டையும் சுழற்பந்து வீச்சாளர்களே எடுத்தனர். ஒருநாள் ஆட்டங்களில் இந்தியாவுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. இருபது வயது துனித் வெல்லாலகே பத்து ஓவரில் 40 கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். பிறகு மட்டையுடன் வந்து 42 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இலங்கை 172இல் முடிந்து தோற்றது என்றாலும், அந்த நாளின் நாயகன் யார் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. நான்கே ஓவர் வீச அனுமதி இருந்திருந்தால் கில்லையும் கோலியையும் ரோகித்தையும் அடுத்தடுத்து வீழ்த்திய பின், அதே பையன் ராகுலுக்கும் பாண்டியாவுக்கும் பொறி வைத்துக் காத்திருக்க முடிந்திருக்குமா?

சுழற்பந்துக்காரருக்குப் பத்து ஓவர் கொடுப்பது இந்தத் துணைக்கண்டத்தின் மண்ணுக்கே கொடுக்கும் மரியாதை என்பது என் எண்ணம். 2008 கராச்சி இறுதிப்போட்டியில் 66 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட் இழந்த இலங்கையை ஜெயசூர்யா 125 அடித்து 273 வரை இழுத்துச் சென்றார். பதிலுக்கு ஆடிய இந்தியாவுக்குச் சேவாக் 35 பந்தில் 60 எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆட்டம் கைவிட்டுப் போயிற்று என்று இருந்தபோது அஜந்த மெண்டிஸ் பந்தை வாங்கினார். விரலால் சுண்டிவிடும் அந்தக் கேரம் பந்தை அதுவரை நம் ஆட்டக்காரர்கள் நேரில் எதிர்கொண்டதே இல்லை. வந்த ஓவரிலேயே சேவாக்கும் யுவராஜும் போனார்கள். எட்டு ஓவர், 13 ஓட்டம், 6 விக்கெட். இந்தியா 100 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது.

முரளிதரனைப் பற்றிச் சொல்லாமல் எப்படி முடிப்பது? ஐம்பது ஓவர் ஆசியக் கோப்பைகளில் 30 விக்கெட் எடுத்து எல்லாருக்கும் மேலே நிற்பவர் அவர். கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய குடும்பம். தாத்தாவோ தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். கங்காணி கூட்டிப்போன பாதை ஒரு பக்கம் கண்டிக்கும் ஒரு பக்கம் மூணாறு, தேவிகுளம், பீர்மேட்டுக்கும் பிரிந்தது என்று எங்கள் லயத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தியா ஜெயிக்க வேண்டும், முரளிக்கும் நாலு விக்கெட் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பார்க்கும் வீடுகள் இங்கே நிறைய இருந்தன.

குளத்தூப்புழை எழுதியது:

தேவிகுளத்து அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கதை இன்னும் நேரடியானது. 1964இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கென்று அரசு உண்டாக்கிய ரப்பர்த் தோட்டம் இது. என் தாத்தா, பாட்டி இருவரும் அங்கே பிறந்தவர்கள். இந்தியாவும் இலங்கையும் மோதும் நாளில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால், இந்திய விக்கெட் விழும்போது தாத்தா வாய்விட்டுச் சிரிக்க மாட்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடுவார். அதைப் பார்த்தே அவர் கட்சி எது என்று தெரிந்துகொள்வோம். 2010இல் தம்புள்ளை இறுதிப்போட்டியில் தினேஷ் கார்த்திக் 66 எடுத்து ஆட்ட நாயகனான அன்று மட்டும் அந்தப் பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. சென்னைப் பையன் அடித்தால் எந்தக் கட்சிக்கும் நஷ்டமில்லை என்பது அவர் கணக்கு.

நேரத்தைப் பற்றி நகரி நண்பர் சொன்னதற்கு ஒரு மறுமொழி. விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு, பாலை எடுத்து நிறுவையில் சேர்த்துவிட்டால் மதியத்தோடு வேலை முடிந்தது. மூன்று மணி ஆட்டம் எங்களுக்காகவே நேரம் குறித்தது போல் இருக்கும். இரவு எட்டு மணி ஆட்டம்தான் எங்களுக்குக் கஷ்டம். மறுநாள் மூன்று, நான்கு மணிக்கு எழ வேண்டும். ஆகவே வேலை செய்கிறவனுக்கு இருபது ஓவர்தான் தோது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

நகரி எழுதியது:

தறிக்காரனுக்கும் பால்வெட்டுக்காரனுக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆட்டத்தின் தரத்துக்கு இன்னும் விடை வரவில்லை. சிறிய அணிக்கு நீண்ட ஆட்டம் நல்லது என்கிறீர்கள். நீண்ட ஆட்டத்தில் பெரிய அணியே தப்பாமல் வெல்லும், சிறிய அணி எதிர்பாராமல் வெல்ல வேண்டுமானால் ஆட்டம் குறுகியதாக இருக்க வேண்டும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

சித்தூர்ப்புழை எழுதியது:

இது நல்ல கேள்வி. விடை ஆப்கானிஸ்தானிடம் இருக்கிறது, சற்று விரிவாக எழுத வேண்டும்.

2014இல் முதல் முறை ஆசியக் கோப்பையில் ஆடிய ஆப்கானிஸ்தான், வங்கதேசத்தை அதன் சொந்த மண்ணிலேயே 32 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. டெஸ்ட் ஆடும் நாடு ஒன்றை ஒருநாள் ஆட்டத்தில் அவர்கள் வீழ்த்தியது அதுவே முதல் தடவை. 2018இல் இலங்கையை 91 ஓட்டத்திலும் வங்கதேசத்தை 136 ஓட்டத்திலும் வென்று, ஐந்து முறை சாம்பியனான இலங்கையை முதல் சுற்றோடு வீட்டுக்கு அனுப்ப வழிசெய்தார்கள். அதே தொடரில் இந்தியாவுடன் 252க்கு 252 என்று சமன் செய்தார்கள். கடைசி ஓவரை ரஷீத் கான் வீச, ஒரு பந்து மிச்சமிருக்க ஜடேஜா ஆட்டமிழந்தார். எதிர்பாராத வெற்றி என்று இவற்றைச் சொல்ல முடியாது. நூறு ஓவர் ஆடி, திட்டமிட்டு, மெல்ல இறுக்கி வென்றவை.

இப்போது 2023 செப்டம்பர் 5, லாகூர். இலங்கை 291 எடுத்திருந்தது. ஆப்கானிஸ்தான் வென்றால் மட்டும் போதாது. நிகர ஓட்ட விகிதத்தில் (ஓவருக்கு எடுத்த ஓட்டத்துக்கும் கொடுத்த ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டில்) இலங்கையைத் தாண்ட 292ஐ 37.1 ஓவருக்குள் எட்ட வேண்டும். முகமது நபி 32 பந்தில் 65 அடித்தார். 37ஆவது ஓவரில் ரஷீத் மூன்று பவுண்டரி அடிக்க, 8 விக்கெட்டுக்கு 289. ஒரு பந்து, மூன்று ஓட்டம். அடிக்க வேண்டியவர் முஜீப். தூக்கி அடித்தார், எல்லைக் கோட்டருகே கேட்ச். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கடைசி ஆட்டக்காரர் பரூக்கி அடுத்த இரண்டு பந்துகளைத் தடுத்துவிட்டு, மூன்றாவதில் எல்.பி.டபிள்யூ. ஆனார். ரஷீத் மறுமுனையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

உண்மையில் எதுவும் முடிந்திருக்கவில்லை. வெற்றி இலக்கு 292 என்றாலும், 291இல் சமநிலைக்கு வந்தபின் ஒரு சிக்சர் அடித்தால் எண்ணிக்கை 297 ஆகும். அந்தக் கூடுதல் ஓட்டங்களும் விகிதக் கணக்கில் சேரும். அதன்படி 37.4 ஓவருக்குள் 295, அல்லது 38.1 ஓவருக்குள் 297 எடுத்திருந்தாலும் அவர்களே அடுத்த சுற்றுக்குப் போயிருப்பார்கள். பரூக்கி ஒரு ஓட்டம் ஓடி ரஷீத்திடம் ஆட்டத்தைக் கொடுத்து, ரஷீத் அடுத்த பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பியிருந்தால் போதும். இந்தக் கணக்கைத் தங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை என்று பயிற்சியாளர் ஜொனாதன் டிராட் பிறகு சொன்னார். இரண்டு ஓட்டத்தில் தோற்றார்கள்.

சிறிய அணி குறுகிய ஆட்டத்தில்தான் வெல்லும் என்பவர்கள், இந்த ஆட்டத்தின் கடைசி பத்து ஓவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும்.

வாளையார் எழுதியது:

ஆட்டத்தின் நீளத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். என் பார்வையில் கோளாறு நீளத்தில் இல்லை. ஒரே ஒரு ஆட்டத்துக்காக மொத்தத் தொடரையும் வளைப்பதில் இருக்கிறது.

2023இல் முதல் சுற்றில் தேறிய நான்கு அணிகள் மோதும் சூப்பர் ஃபோர் சுற்றில் ஆறு ஆட்டங்கள். கொழும்பில் மழைக்காலம் என்று எல்லாருக்கும் தெரியும். மழையால் நின்ற ஆட்டத்தை மறுநாள் தொடர மாற்று நாள் ஒதுக்கப்பட்டது ஒரே ஆட்டத்துக்கு: இந்தியா, பாகிஸ்தான். அதுவும் தொடர் நடந்துகொண்டிருக்கும்போது. இலங்கை, வங்கதேச அணிகளின் பயிற்சியாளர்கள் வெளிப்படையாகவே வியப்புத் தெரிவித்தார்கள். அவர்களுடைய வாரியங்களோ எங்களைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்று அறிக்கை விட்டன. கோலி 122, ராகுல் 111 என ஆட்டமிழக்காமல் எடுத்து 356 குவித்ததும், குல்தீப் 25 ஓட்டத்துக்கு ஐந்து விக்கெட் எடுத்ததும் அந்த மாற்று நாளின் தயவால்தான் நடந்தன. நானும் கைதட்டித்தான் பார்த்தேன். அதற்காக முறை சரியாகிவிடுமா? ஒரே தொடரில் ஓர் அணிக்கு மழை விடுமுறை, இன்னோர் அணிக்கு மழை தண்டனை என்றால், சங்கத்தில் எல்லாரும் சமம் என்று ஏன் எழுதி வைக்க வேண்டும்?

ஒளிபரப்புப் பணம் அந்த ஆட்டத்திலிருந்துதான் வருகிறது, அந்தப் பணத்தில்தான் சிறிய நாடுகளுக்கும் பங்கு போகிறது என்பார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் பழைய கணக்கையும் பாருங்கள். 1986இல் இலங்கையில் நடந்தபோது இந்தியா போகவில்லை. அந்த இடத்தில் வங்கதேசம் வந்தது, அதன் முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டமே மொரட்டுவையில் பாகிஸ்தானுக்கு எதிராக நடந்தது. 1990-91இல் இந்தியாவில் நடந்தபோது பாகிஸ்தான் வரவில்லை. கொல்கத்தா இறுதிப்போட்டியில் இலங்கைக்கு எதிராகக் கபில்தேவ் ஹாட்ரிக் எடுத்தார். அந்த இருவரும் மோதாமலே தொடர்கள் நடந்திருக்கின்றன, நினைவில் நிற்கும் ஆட்டங்களும் கிடைத்திருக்கின்றன. 1993இல்தான் இருவருக்கும் இடையிலான உறவு கெட்டுத் தொடரையே கைவிட்டார்கள். 1984 முதல் 2023 வரை எந்த ஆசியக் கோப்பை இறுதிப்போட்டியிலும் அவர்கள் மோதியதில்லை. முதல் முறையாக மோதியது 2025இல்; வென்றும் கோப்பையை வாங்காமலே இந்திய அணி திரும்பிய காட்சிதான் அதில் மிஞ்சியது.

தேவிகுளம் எழுதியது:

வாளையார் அண்ணன் சொன்னதோடு வங்கதேசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012 மீர்பூர் இறுதிப்போட்டியில் பாகிஸ்தான் 236, வங்கதேசம் 234. கடைசி ஓவரில் ஒன்பது தேவைப்பட்டு, இரண்டு குறைந்தது. அதே தொடரில் டெண்டுல்கர் தம் நூறாவது சர்வதேச சதத்தை அடித்த ஆட்டத்தில் இந்தியாவை வென்றிருந்தார்கள். நம் ஊரில் சதம் மட்டும்தான் செய்தியாயிற்று. 2018இல் லிட்டன் தாஸ் 121 எடுத்தும் துபாயில் கடைசிப் பந்தில் தோற்றார்கள். அந்தத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே தமீம் இக்பாலின் மணிக்கட்டு முறிந்தது. கடைசி விக்கெட்டுக்கு அவர் திரும்பி வந்து, ஒரு கையால் மட்டையைப் பிடித்து ஒரு பந்தைத் தடுத்தார். எதிர்முனையில் முஷ்பிகுர் ரஹீம் அதற்குப் பிறகு அடித்தவை 32 ஓட்டங்கள். ஒற்றைக் கையோடு ஒருவர் வந்து நிற்பதற்கு அர்த்தம் இருக்கும்படி மீதி ஓவர்கள் இருந்தன என்பதையும் கவனியுங்கள்.

நகரி எழுதியது:

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஐம்பது ஓவரே இருக்கட்டும். ஆனால் சூப்பர் ஃபோரில் மாற்று நாள் என்றால் எல்லா ஆட்டத்துக்கும் வைக்க வேண்டும், முடியாது என்றால் ஒன்றுக்கும் வைக்கக் கூடாது. 2023 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில்கூட அவ்வளவு நேர்மை இருந்தது. கீர்த்திப்பூரில் நேபாளமும் அமீரகமும் ஆடிய இறுதிப்போட்டி மழையால் மறுநாளுக்குப் போய்த்தான் நேபாளம் வென்றது. அடுத்து, விகிதக் கணக்கை ஆட்ட நடுவரே இரு அணிக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். திரையிலும் காட்ட வேண்டும். பாவு எத்தனை முழம் மிச்சம் என்று தெரியாமல் எந்த நெசவாளியும் தறியில் உட்கார மாட்டான்.

முதல் பாதிக்குத் தறியை ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் ஸ்கோர் பார்ப்போம். இரண்டாவது பாதிக்கு வந்து உட்கார முடியுமா என்பதுதான் என் கவலை. வங்கதேசத்தில் நடந்தால் எத்தனை மணிக்குத் தொடங்குவார்கள்?

குளத்தூப்புழை எழுதியது:

அட்டவணை இன்னும் வரவில்லை. அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முந்தியது. அங்கே இரண்டு மணிக்குத் தொடங்கினால் நமக்கு ஒன்றரை. இரண்டாவது அணி மட்டை பிடிக்கும்போது இங்கே மாலை ஐந்தரை ஆகும். எங்களுக்குச் சௌகரியம். கொட்டகையை ஆறு மணிக்குப் பூட்டினால் உங்களுக்குப் பவர்பிளே என்னும் தொடக்க ஓவர்கள் மட்டும்தான் தவறும்.